புகைபோக்கியின் தன்னெடை

புகைபோக்கியின் அடிச்சுவர் அழுத்தத்தை அளக்கும் கருவியில் எண் குறைந்திருந்தது. ஆயிரத்து ஐந்நூறு காட்ட வேண்டிய இடத்தில் ஆயிரத்து நானூற்று நாற்பது.

பொறியாளரான அவள், எண்ணில்தான் தூசி படிந்ததுபோலக் கண்ணாடியைத் துடைத்தாள். எண் மாறவில்லை. புகைபோக்கி அறுபது மீட்டர். கான்கிரீட் கன மீட்டருக்கு இருபத்தைந்து கிலோநியூட்டன். பெருக்கினால் அடிச்சுவரின் அழுத்தம். குண்டாகக் கட்டினாலும் ஒல்லியாகக் கட்டினாலும் அகலம் கணக்கிலிருந்து கழன்றுவிடும், உயரம் மட்டும் மிஞ்சும். யானைக்குத் துதிக்கை பாரமில்லை என்பார்கள். ஆனாலும் தராசில் ஏறினால் துதிக்கையும் சேர்ந்துதானே நிற்கும்? தன்னெடையைக் கழற்றிவைக்க எதனாலும் ஆகாது.

சன்னலுக்கு வெளியே புகைபோக்கி மாலை வெயிலில் அசையாமல் நின்றது. அதன் உட்சுவர் ஏணியில், உச்சி விளக்கை மாற்ற அவள் தம்பி ஏறிக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுக்கு அணில் என்று பெயர்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"கயிறு மாட்டியிருக்கியாடா?"

"மாட்டியாச்சு தாயே. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அழுத்தம் குறையுது."

"எனக்கா? உன்கூடப் பேசினா ஏறத்தானே செய்யும்."

"விளையாடாத. இறங்கி வா."

"இன்னும் கொஞ்சம்தான். விளக்க மாட்டிட்டு வந்துடறேன்."

தொள்ளாயிரம். பழைய கரியின் புளித்த வாசனை அறைக்குள் மெல்லப் பரவ, மேசைமேல் தேநீர் வட்டவட்டமாய் நடுங்க, பாரம் தூக்கும் கயிறு முறுக்கேறுவது போன்ற ஒரு முனகல் தரையிலிருந்து கிளம்பி அவள் முழங்கால் வழியே ஏறியது. காற்று இல்லை. மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. நானூறு.

"அக்கா, மேல யாரை அனுப்பின?"

"யாரையும் அனுப்பல."

"விளிம்புல ஒருத்தர் குனிஞ்சு கை நீட்டுறாரே. முகம் தெரியல."

"பிடிக்காத. அணிலு, பிடிக்காதடா."

இரைச்சல். பிறகு அவன் குரல், மிகச் சன்னமாக.

"பிடிச்சுட்டேனே."

பூஜ்யம்.

எண் அங்கே நிற்கவில்லை. அதன் முன்னே ஒரு கழித்தல் குறி முளைத்தது. நசுங்க வேண்டிய சுவர் இழுபடுகிறது. நிற்கும் எதற்கும் அந்தக் குறி வராது. தொங்குவதற்குத்தான் வரும்.

வெளியே ஓடினாள்.

புகைபோக்கி நேராகவே இருந்தது. அடித்தளத்தோடு சுவர் சேரும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு, சுற்றிலும். உள்ளே கம்பிகள் ஒவ்வொன்றாய்த் தெறித்தன. கோடு விரிந்தது. விரல் அளவு. கை அளவு.

அந்த இடைவெளி வழியே மறுபக்கத்து வெயில் நுழைந்து, சிவப்பாக, அவள் பாதங்களில் விழுந்தது.