நாற்பத்தொரு முறை பார்த்தாள்

2010. மே மாதத்து வெயில். காலை பத்து மணி.

அன்பரசுவின் செல்போன் அலறியது!

"தம்பி, எஸ்.ஐ. புஷ்பவள்ளி பேசறேன். கிள்ளை உப்பங்கழியில ஒரு பொம்பள பாடி... ராத்திரி காணோம்னு நீங்க புகார் குடுத்த உங்க அக்கா வெண்மதியான்னு வந்து பாருங்க."

வெண்மதிதான்!

அவளுடைய துப்பட்டாவே கழுத்தை இறுக்கியிருந்தது.

அன்பரசு சேற்றில் விழுந்து புரண்டான். அவனைத் தாங்கிப் பிடித்தவன் ராஜாமணி. ஆட்டோ ஓட்டுகிறவன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

"நேத்து சாயங்காலம் நான்தான்டா அக்காவ கிள்ளை பஸ் ஸ்டாப்ல இறக்கி வுட்டேன். மாமா அங்க நின்னுகினு இருந்தாரு. ஒரே சண்டை..."

அது போதும்!

வெண்மதியின் கணவன் கொளஞ்சியப்பன் கைதானான்.

"காட்டுமன்னார்கோயில் மில்லுல தனியா மிஷின் ரிப்பேர் பாத்துகினு இருந்தேன் மச்சான்! சத்தியம்டா!"

கதறியவனை ஸ்டேஷன் வாசலிலேயே அன்பரசு ஓங்கி அறைந்தான்.

நான்காம் நாள். சிதம்பரத்தில் அன்பரசு வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குள் புஷ்பவள்ளி நுழைந்தாள்.

"அன்னிக்கு அவுங்க கடைசியா இங்கதான இருந்தாங்க? என்ன செஞ்சாங்க?"

"பலாப்பழத்தப் பாத்து படம் வரைஞ்சாங்க மேடம். அக்கா டிராயிங் டீச்சர். ஒண்ணப் பாத்து வரையறப்ப கண்ணு எங்கெங்க போவுதுன்னு ஒரு ஆராய்ச்சி. சாஃப்ட்வேர் என்னுது."

வரைகிறவர் மாட்டிக்கொள்ளும் தொப்பியில் இரண்டு குட்டி கேமராக்கள். ஒன்று கண்ணைப் படம் பிடிக்கும். மற்றது எதிரே இருப்பதை. வெண்மதி பார்த்த இடமெல்லாம் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி.

அன்றைய பதிவை ஓடவிட்டான்.

பலாப்பழம்... காகிதம்... பலாப்பழம்... காகிதம்...

"நடுவுல ஏன் விட்டு விட்டு போவுது?"

"சம்பந்தமில்லாத பார்வைய சாஃப்ட்வேர் வெட்டிடும் மேடம். வேஸ்ட்."

"அந்த வேஸ்ட்டக் காட்டுங்க."

காட்டினான்.

புள்ளி ஜன்னலுக்குத் தாவியது! அங்கிருந்து அன்பரசுவின் முதுகுக்கு... ஜன்னல்... முதுகு... ஜன்னல்... முதுகு...

நாற்பத்தொரு முறை!

ஸ்பீக்கரில் அவன் குரலே கேட்டது.

"அக்கா! அங்க இங்க பாக்காத. டேட்டா கெட்டுடும்!"

"சரிடா... முடிஞ்சதும் நான் பஸ்லயே போறேன்டா."

"பஸ் எதுக்கு? ராஜாமணிய வரச் சொல்லியிருக்கேன். பாரு, வெளிய நிக்கிறான்!"

புஷ்பவள்ளி ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்னாள்.

காக்கிச் சட்டை. உள்ளே வெண்மதியையே வெறிக்கும் கண்கள்.

ராஜாமணி!

அவன் ஆட்டோ சீட்டுக்கு அடியில் வெண்மதியின் செல்போன் கிடைத்தது. அதில் அவளைத் தொந்தரவு செய்து அவன் அனுப்பிய மெசேஜ்கள்... இரண்டு மாதமாக!

ஸ்டேஷனில் விழுந்த முதல் அறையிலேயே ராஜாமணி உண்மையைக் கக்கினான்.

"இன்னிக்கு தம்பிகிட்ட சொல்லிடுவேன்னாங்க மேடம்... பயந்துட்டேன்..."

சுவரோரம் அன்பரசு மடங்கி உட்கார்ந்தான்.

"நானே ஏத்தி அனுப்புனேன் மேடம்... நானே..."

பத்தாம் நாள். கடலூர் ஜெயில் வாசல்.

கொளஞ்சியப்பன் வெளியே வந்தான். பாதியாக இளைத்திருந்தான். அன்பரசு ஓடிப்போய் அவன் காலில் விழுந்தான்.

"மாமா... என்ன செருப்பால அடி மாமா!"

கொளஞ்சியப்பன் அவனைத் தூக்கி நிறுத்தினான். சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியது.

"உள்ள சாம்பார் உங்க அக்கா வெக்கிறத விட நல்லாவே இருந்துச்சு மச்சான்... இதச் சொல்லி அவள வம்புக்கு இழுக்கலாம்னு வந்தா, ஆளக் காணோமே!"