ஹெரால்டின் பின்சீட்டு

சிதம்பரம் மேல வீதியில் இறங்கி, பெட்டிக்கடையில் "மாலதி டீச்சர் வீடு" என்று கேட்டதுமே வழி கிடைத்துவிட்டது. மே மாத வெயில் சந்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சிந்தியா இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தோள்பைக்குள் அளவெடுக்கும் டேப், காகிதம், பென்சில்.

அவள் கடலூர் முதுநகர்க்காரி. சிதம்பரத்தில் ஒரு பல் லேபில் பல் செட் செய்யும் வேலை. லீவு நாள் வந்தால் அதே கை மரத்துக்குப் போய்விடும். பழைய கார்களை அளந்து, எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, வெறும் கட்டையிலிருந்து செதுக்கி எடுப்பாள். அப்படிச் செய்த ஒரு பியட்டின் படத்தை போனில் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் கூப்பிட்டிருந்தார்.

டீச்சருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒண்டிக்கட்டை. காபியைக் கொடுத்துவிட்டு, பேச்சை வளர்க்காமல் பின்பக்க ஷெட்டுக்கு அழைத்துப் போனார். இருவருமாகத் தார்ப்பாயை இழுத்தார்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். ஒரு காலத்தில் வெளிர் நீலமாக இருந்திருக்க வேண்டும். இரண்டே கதவு வைத்த பழைய மாடல். பின்னால் உட்காருகிறவர்கள் முன்சீட்டை மடித்துத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும்.

"அப்பாவோடது," என்றார் டீச்சர். "எனக்குப் பன்னண்டு வயசு அப்ப. லால்பேட்டைல அப்பாவோட சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். திரும்பி வர்றப்ப வண்டி வீராணம் ஏரிக்குள்ள எறங்கிடுச்சு. அப்பா அவர் பக்கக் கதவத் தொறந்து வந்துட்டாரு. நான் இந்தப் பக்கமா வந்துட்டேன்."

தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்தார்.

சிந்தியா அளவெடுக்க ஆரம்பித்தாள். வெளிப்பக்கம் சுலபமாக முடிந்தது. உள்ளே இடதுபக்க முன்சீட்டை மடிக்கப் பார்த்தபோது அது அசையவில்லை. துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சீட்டுக்கு மேலாக எட்டிக் கையை நீட்டிப் பின்சீட்டை அளந்தாள்.

டேப்பை இழுத்தபோது அதன் முனை ஈரமாக இருந்தது.

மழை பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. விரலை மோந்தாள். பாசியும் சேறும் கலந்த, தேங்கிய தண்ணீர் வாடை.

"மெக்கானிக்க வெச்சு இந்த சீட்ட சரி பண்ணிடலாமே டீச்சர்?"

"எத்தனையோ பேர வெச்சுப் பாத்துட்டேன். ஒருத்தராலயும் அத மடக்க முடியல." டீச்சர் காரைப் பார்க்காமல் பேசினார். "வீட்ட விக்கறேன். வண்டி காயலான் கடைக்குப் போவுது. அதுக்குள்ள எனக்கு நீ செஞ்சு குடுத்துடணும். கதவு தொறக்கணும். முன்சீட்டு மடங்கணும். அது ரெண்டும் முக்கியம்."

"செஞ்சிடலாம்."

"இன்னொண்ணு. அந்த சீட்ட நீ மடிக்கக் கூடாதும்மா. மொதத் தடவ நான்தான் மடிப்பேன்."

வயதானவர்களின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு சிந்தியா தலையாட்டினாள்.

குமிழ் மரத்தில் ஆரம்பித்தாள். பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்த பிறகு உளியால் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். கம்பி ரம்பத்தால் கதவுகளை அறுத்தெடுத்தாள். லேபில் பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கிற எஃகுக் கம்பியிலேயே கீல்கள் செய்தாள். காரின் உருவம் நாளுக்கு நாள் தெளிந்து வந்தது.

அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் வாசல்வரை போய்த் திரும்பத் தோன்றியது. சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் அவள் கணவன் டேனி, "என்ன, கூண்டுல அடைச்ச மாதிரி நடந்துக்கிட்டே இருக்க?" என்று கேட்டான்.

பின்சீட்டுக்குச் செதுக்கி வைத்த கட்டை மட்டும் காயவே இல்லை. வெயிலில் வைத்தாள். லேபுக்கு எடுத்துப் போய்ச் சூட்டில் காட்டினாள். மறுநாள் காலையில் தொட்டால் பிசுபிசுவென்று ஈரம். கட்டையை மாற்றினாள். மாற்றிய கட்டையும் ஈரமானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கடைசியாக முன்சீட்டைப் பொருத்தினாள். டேனி வேலைக்குப் போயிருந்தான். நண்பகல். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

டீச்சர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் அசைத்துப் பார்க்காத கீலை எப்படி வேலை முடிந்ததென்று கொடுப்பது? அங்கே போய் மடங்காமல் போனால்?

இடது கதவைத் திறந்தாள். விரல் நுனியால் சீட்டைத் தள்ளினாள்.

டக்.

அழகாக மடிந்தது.

அதே நேரம், அவள் மணிக்கட்டை உரசிக்கொண்டு சில்லென்று ஏதோ வெளியே போனது.

மேசை முழுக்க மரத்தூள். காரின் கதவிலிருந்து மேசையின் விளிம்புவரை, யாரோ விரலால் வழித்த மாதிரி, ஒரு கோடு மட்டும் சுத்தமாக இருந்தது.

அவள் அந்தக் கோட்டைத் தொடக் குனிந்தாள்.

பின்னால் பீரோக் கதவு மெதுவாகத் திறந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கதவும் சாத்திய இடத்தில் நிற்கவில்லை. பீரோவைப் பூட்டினால் சாவி தானாகத் திரும்பியது. பிரிட்ஜ் திறந்தபடி கிடந்து பால் கெட்டுப்போனது. குளித்துக்கொண்டிருந்த டேனி ஈரத்தலையோடு எட்டிப் பார்த்து, "தட்டிட்டு வரக்கூடாதா?" என்றான்.

"நான் எங்கங்க வந்தேன்? அடுப்புக்கிட்ட நிக்கறேன்."

அவன் தாழ்ப்பாளைப் பார்த்தான். அது கீழே இறங்கிக் கிடந்தது.

லேபிலும் அதுவேதான். வேலை நடக்கும்போதே பல்லைச் சுடுகிற சூளையின் கதவு திறந்துகொண்டது. பக்கத்து மேசைக்காரர்கள் மிஷின் கோளாறு என்றார்கள். அவள் வீட்டுக்குப் போனால் வீட்டுக் கதவுகள், லேபுக்கு வந்தால் லேப் கதவுகள். அது இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சிந்தியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாளே லீவு சொல்லிவிட்டு, காரை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, சிதம்பரத்துக்குப் போனாள்.

ஷெட்டில் தார்ப்பாய் ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்தது. டீச்சர் மரக்காரை வாங்கி, நிஜக்காரின் பானட் மேல் வைத்தார். குட்டிக் கதவைத் திறந்தார். சீட்டை மடித்தார்.

டக்.

காதைச் சாய்த்துக் காத்திருந்தார். வெளியே காகம் கத்தியது. வேறு சத்தமில்லை.

"நீ மடிச்சியா?"

சிந்தியா தரையைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவ டீச்சர். மடங்குதான்னு பாக்கத்தான்."

"அப்ப உங்கூட எறங்கிட்டா." டீச்சரிடம் கோபமில்லை. ஷெட் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பின்சீட்டுல என் தங்கச்சி இருந்தா. இசைவாணி. ஏழு வயசு. தண்ணி உள்ள வந்தப்ப என் சீட்டு முதுகுல தட்டிக்கிட்டே இருந்தா. சீட்ட மடிச்சிருந்தா வந்திருப்பா. எனக்கு நான் வெளிய போவணும்ங்கறது மட்டும்தான் தோணுச்சு."

சிந்தியா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"தெனமும் சாயங்காலம் இங்க வந்து ஒக்காருவேன். உள்ள தட்டற சத்தம் கேக்கும். கொஞ்ச நாளா கேக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவர் எழுந்து நிஜக்காரின் இடது கதவைத் திறந்தார்.

"டீச்சர், என்ன பண்றீங்க?"

"அவ ஒக்காந்த எடத்துல ஒரு தடவையாவது ஒக்காந்து பாக்கணும்மா."

ஒல்லியான உடம்பு. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைந்து பின்னால் போய் உட்கார்ந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டார்.

இதுவரை கதவுகளைத் திறக்க மட்டுமே செய்த ஒன்று, முதல்முறையாக ஒரு கதவைச் சாத்தியது.

சிந்தியா பாய்ந்து கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. மறுபக்கம் ஓடினாள். அதுவும் அசையவில்லை. கண்ணாடியில் உள்ளிருந்து புகை போலப் பனி படர்ந்தது. பனிக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு தெரிந்தது.

கோடு ஏறியது.

காய்ந்த ஷெட்டில், காய்ந்த தரையில் நின்ற காருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

டீச்சரின் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. அவர் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முன்சீட்டின் முதுகில் உள்ளங்கையால் தட்டினார்.

தட். தட்.

சிந்தியா ஓரத்தில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். செங்கல்தான் உடைந்தது.

பாசி வாடை அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள். யாருமில்லை. அவள் காலுக்குப் பக்கத்தில், சிமென்ட் தரையில், உள்ளங்கை அளவில் இரண்டு ஈரக் காலடித் தடங்கள். காரைப் பார்த்து நின்றன.

சிந்தியா அந்தத் தடங்களுக்கு முன்னால் முட்டி போட்டாள்.

"பாப்பா," என்றாள். மறுபடி சொன்னாள். "பாப்பா, அவுங்களும் அப்ப சின்னப் பொண்ணுதான்டா. பயந்துட்டாங்க. நீ தட்டினதக் கேட்டுக்கிட்டு இத்தன வருஷம் இங்கயே ஒக்காந்திருந்தாங்கல்ல. போதும்டா. விட்டுடு."

தடங்கள் அசையவில்லை.

தட்.

காருக்குள் கேட்ட சத்தம் மெதுவானது. தண்ணீர் டீச்சரின் உதட்டைத் தொட்டது.

தரையிலிருந்த ஈரத் தடங்கள் காய்ந்து மறைந்தன.

டக்.

எந்த மெக்கானிக்குக்கும் மடங்காத சீட்டு முன்னால் சாய்ந்து விழுந்தது. கதவு விரியத் திறந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வழியவில்லை. டீச்சர் மட்டும் தலையிலிருந்து கால்வரை நனைந்து, இருமிக்கொண்டே சிந்தியாவின் மேல் வந்து சரிந்தார். நரைத்த முடியில் ஏரிப்பாசி ஒட்டியிருந்தது.

"முதுகுல கை வெச்சுத் தள்ளினா," என்றார், மூச்சு வந்ததும். "சின்னக் கை."

அவர் காரைப் பார்த்துக் கையை நீட்டினார். "வாணி, வா. வீட்டுக்குள்ள போலாம்."

இருவரும் காத்திருந்தார்கள். வீட்டுக் கதவு அசையவில்லை. தெருப்பக்கம் இருந்த இரும்புக் கேட்டுதான் கிறீச்சென்று திறந்தது. வெயில் விழுந்த சந்து அதற்கப்பால் வெறுமையாகக் கிடந்தது.

"போயிட்டா," என்றார் டீச்சர். அழுதார். அந்த அழுகையில் ஒரு நிம்மதியும் இருந்ததாக சிந்தியாவுக்குப் பட்டது. அவரை உடை மாற்றவைத்து, சூடாகக் காபி போட்டுக் கொடுத்து, ஒரு நாழிகை கூட இருந்துவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது, பல நாட்களுக்குப் பிறகு கால்கள் தன் பேச்சைக் கேட்பதாக உணர்ந்தாள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலேஜ் பிள்ளைகளும் கூடைக்காரிகளுமாகக் கூட்டம் ஏறி, படிவரை நின்றது. சிந்தியா கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

புதுச்சத்திரத்தில் பஸ் குலுங்கி நின்றபோது விழித்தாள். இத்தனை பேர் நின்றுகொண்டிருந்தும் அவள் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. உட்காராதது மட்டுமில்லை, அந்த இடத்தில் இடித்துவிடாமல் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கியே நின்றார்கள்.

புதிதாக ஏறிய ஓர் அம்மாள் காய்கறிப் பையோடு நெருக்கிக்கொண்டு வந்தாள். வெற்றிலை போட்ட வாய். அந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு சிந்தியாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, பாப்பாவ மடியில தூக்கி வெச்சுக்கயேன். நான் செத்த ஒக்காந்துக்கறேன். காலு கடுக்குது."

சிந்தியா பக்கத்தில் பார்த்தாள். பச்சை ரெக்சின். நடுவில் லேசாக அமுங்கியிருந்தது.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

சற்றுப் பொறுத்து மடி கனத்தது. சில்லிட்டது.

அந்த அம்மாள் அப்பாடா என்று உட்கார்ந்தாள். பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, சிந்தியாவின் மடியைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"இந்த வெயில்ல எங்க போயி இப்புடித் தொப்பலா நனைஞ்சுது? சளி புடிச்சுக்கப் போவுது. தலைய தொவட்டி விடும்மா."

சிந்தியா துப்பட்டாவின் நுனியைக் கையில் எடுத்தாள்.