மண் பரிசோதனை

துளையிலிருந்து வந்தது மண் வாசனை அல்ல. ரேகா இன்னும் கொஞ்சம் குனிந்தாள். கெடிலம் ஆறு கூப்பிடு தூரத்தில் இருக்க, முழ ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் புதுப்பாளையத்துக் கொல்லையில், இரண்டு நாளாக இரும்புக் குழாயை இறக்கியும் ஈரம் காணாத அந்த ஒரு சாண் துளைக்குள்ளிருந்து, வேர்வையும் பவுடரும் வாடிய மல்லிகையும் கலந்து, கூட்டமான பஸ்ஸில் ஏறியதும் முகத்தில் அடிக்குமே, அந்த வெக்கை மேலே வந்துகொண்டிருந்தது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பழைய டவுனுக்கு ஊருக்குள்ளேயே ரயில் விடப்போகிறார்களாம். தலைக்கு மேலே ஓடுமாம். அதற்கான தூண் ஒன்று இவர்கள் கொல்லையில் வரலாம் என்று மண்ணைப் பரிசோதிக்க வந்திருந்தார்கள். சூப்பர்வைசர் ஆரோக்கியராஜ் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் வந்த அன்றே வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சார் எப்போது வருவார் என்றெல்லாம் அவன் விசாரித்தது அவளுக்கு உறுத்தியது. கணவன் சிலம்பரசன் சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர், பகலில் நான் மட்டும்தான் என்று அவளும் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னோம் என்று அப்புறம் நினைத்துக்கொண்டாள்.

துளையை மோந்து பார்த்த அன்று மத்தியானமே, அவள் சமையலறையில் இருந்தபோது மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தாள். ஆட்கள் அவசர அவசரமாகக் குழாய்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியராஜ் துளைமேல் பலகையைப் போட்டு, அதன்மேல் ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்தான். காலையில் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்த பக்கிரியை மட்டும் காணோம்.

"பக்கிரி எங்க?"

"வடலூருக்குப் போயிட்டான்க்கா. வீட்டுல ஏதோ அவசரமாம்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி போனபிறகு அவள் கொல்லையில் இறங்கினாள். பக்கிரியின் சட்டை முருங்கைக் கிளையில் தொங்கியது. செருப்பு துளை ஓரத்திலேயே கிடந்தது.

சிலம்பரசனுக்குப் போன் செய்தாள். அந்த ஆளை என்னவோ பண்ணிவிட்டார்கள், செருப்பு துளை ஓரத்திலேயே கிடக்கிறது, போலீஸில் சொல்ல வேண்டும் என்றாள். ஒரு சாண் துளைக்குள் ஆளைத் திணிக்க முடியுமா என்று அவன் சிரித்தான். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றான்.

சாயங்காலம் மழை பிடித்தது. கரண்ட் போனது. இருட்டிக்கொண்டு வந்த சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி மெல்லக் கிணுகிணுத்தன. பண்ருட்டிப் பக்கமிருந்து பலா ஏற்றி வரும் லாரியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அதிர்வு ரோட்டிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வெறுங்காலில் ஏறியது. நெருங்கி வந்து, காலுக்குக் கீழே நின்றது. பிறகு கொல்லைப் பக்கம் கல் உருளும் சத்தம்.

போன் அடித்தது.

"புதுச்சத்திரத்துல மரம் விழுந்து பஸ்சு நிக்குது. லேட்டாவும்."

"மாமா, கொல்லையில யாரோ இருக்காங்க."

"அந்த சூப்பர்வைசரா?"

"தெரியல."

"கதவத் தொறக்காத. நான்..." லைன் அறுந்தது.

சட்டையையும் செருப்பையும் எடுக்கத்தான் வந்திருக்கிறான். தனியாக இருப்பது அவனுக்குத் தெரியும். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள்.

ஆரோக்கியராஜ் இல்லை.

பலகை ஒருபக்கமாகப் புரண்டு கிடந்தது. துளையிலிருந்து ஒரு கை வந்தது. முழங்கை வந்தது. பிழிந்த துணிபோல ஒடுங்கிய தோள்கள் வெளியே வந்து விரிந்தன. பக்கிரி. எழுந்து நின்றான். சுற்றிப் பார்க்கவில்லை. திரும்பிக் குனிந்து உள்ளே கை கொடுத்தான். ஒரு பெண் ஏறி வந்தாள். அவள் கை கொடுத்தாள். ஒரு பெரியவர். இன்னொருவர். இன்னொருவர்.

யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. இரண்டு பக்கச் சுவர் ஓரமாகவும் நெருக்கி நின்றார்கள். நடுவில் இடம் விட்டு. மழை நனைத்தது. யாரும் துடைக்கவில்லை.

பிளாட்பாரத்தில் நிற்பதுபோலக் காத்திருந்தார்கள்.

தரை மறுபடி அதிர்ந்தது. இந்த முறை நிற்கவில்லை. அதிர்வில் ஜன்னல் கதவு முழுக்கத் திறந்துகொள்ள, கம்பி அவள் கையில் நடுங்கியது.

ஒரு தலை திரும்பியது. அடுத்தது. எல்லாம்.

வீட்டை நோக்கி.

அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

கரண்ட் இன்னும் வரவில்லை. ஆனாலும் கம்பிகளின் நிழலும், நடுவில் அவளுடைய நிழலும், ஜன்னலைத் தாண்டி, ஈரத் தரைமேல் நீண்டுபோய், அத்தனை முகங்களின் மேலும் விழுந்தன.