முந்நூற்று நாற்பது இலக்கங்கள்

காலையில் தூசி தட்டிவிட்டு டப்பாவில் போட்ட பென்சில், மத்தியானம் நோட்டின் இடப்பக்கம் கிடந்தது. அந்த வீட்டில் இடக்கைக்காரன் கைலாஷ் ஒருவன்தான். அவன் போய்ப் பதினொரு மாதமாகிறது.

சாவித்ரி நோட்டைத் திறந்தாள். வெளியே கரமனைத் தெருவில் மழை பிடித்திருந்தது. ஓட்டிலிருந்து நீர் இறங்கும் சத்தத்தோடு, ஈரச் சுவரின் வாடையும் அப்போதுதான் சீவிய பென்சிலின் மர வாசனையும் அறைக்குள் அடைத்துக்கொண்டு நிற்க, மகன் நாலே பக்கம் எழுதி விட்டுப்போன நோட்டு முக்கால்வாசி நிறைந்திருந்தது. எல்லாம் அவன் கையெழுத்து. வரிக்கு ஒரு வகுக்கும் எண். பக்கத்தில் மீதி.

முந்நூற்று நாற்பது இலக்கம் கொண்ட ஒரே எண்ணில்தான் அவன் ஆராய்ச்சி. "இது பகு எண்ணுங்கறது நிச்சயம்மா. ஏதோ எண்களைப் பெருக்கித்தான் வந்திருக்கு. எதை எதைன்னுதான் யாருக்கும் தெரியலை," என்பான். தெரிவதற்குள் பழவங்காடியில் மழையில் பைக் சறுக்கிவிட்டது.

கணவர் கல்யாணராமனிடம் கேட்டாள். "அவன் நோட்டுல நீங்க ஏதாவது எழுதறேளா?"

"நானா? அந்த ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கவே எனக்குத் தெம்பில்லை, சாவித்ரி."

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, மகனின் லேப்டாப்பில் வரிவரியாகச் சரிபார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. பகா எண்களை ஒன்றுவிடாமல் வரிசையாக எடுத்து வகுத்திருந்தான். இப்போதுதான் ஐந்து இலக்கத்தைத் தொட்டிருந்தான். இப்படிப் போனால் சூரியன் அணைந்தாலும் விடை வராது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் ஏழு வயதில், கணக்கு வராமல் அழுதுகொண்டு எழுந்தவனைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தது அவள்தான். "எடுத்த கணக்கை முடிக்காம எழுந்திருக்கப்படாது."

அதன் பிறகு தினமும் மத்தியானம் சமையலறைவரை கேட்டது. கரகர. நிற்கும். கரகர. உள்ளே போனால் நாற்காலி காலியாக இருக்கும். உட்காருமிடம் மட்டும் சூடாக இருக்கும்.

எட்டாம் நாள், அவனோடு ஆராய்ச்சி செய்த மலையாளிப் பெண் மீனு ஃபோனில் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, கைலாஷோட நம்பர் உடைஞ்சாச்சு, கேட்டோ. ஒரு ஃபாக்டர் கிட்டி! அம்பத்தெட்டு இலக்கம். பக்ஷே, மிச்சமும் பகு எண்தான், அதை இன்னும்..."

"அந்த எண்ணை அனுப்பு மீனு. இப்பவே."

ஐம்பத்தெட்டு இலக்கத்தையும் நோட்டில் எழுதி, நாலு தடவை சரிபார்த்தாள். அடியில் எழுதினாள்: 'இதுதான்டா கண்ணா. முடிஞ்சுது. எழுந்திரு.' வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

கரகர. நெடுநேரம்.

நின்றது.

காத்திருந்தாள். பத்து நிமிஷம். அரைமணி. மழையும் விட்டிருந்தது. மகனை எடுத்துக்கொண்டு போன நாளுக்குப் பின் இன்றுதான் அவளுக்கு மூச்சு முழுதாக இறங்கியது.

கதவைத் திறந்தாள். அவள் எழுதிய எண்ணுக்கு எதிரே, மீதி பூஜ்யம். அடியில் இரட்டைக் கோடு. அதை விரலால் தடவி அழுதாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

வகுத்து வந்த எண் அங்கே இருந்தது. இருநூற்று எண்பத்துமூன்று இலக்கம். மிச்சமும் பகு எண்தான் என்று மீனு சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"வேண்டாம்டா," என்றாள். "போதும். அம்மா சொல்றேன், எழுந்திருடா."

பென்சில் எழுந்தது.

அவள் பின்வாங்கினாள். சுவர் முதுகில் இடித்தது.

இரண்டு. மீதி ஒன்று.

மூன்று. மீதி இரண்டு.

யாருமில்லாத நாற்காலிக்கு மேல், முகம் இருக்கும் உயரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் தாளில் விழுந்து, எழுத்தைக் கலைத்துக்கொண்டு பரவியது. பென்சில் அதைச் சுற்றிக்கொண்டுபோய் ஐந்தை எழுதியது.