துக்கம் அளக்கும் நாள்

வியாழக்கிழமை மாலை என்றால் மாணிக்கபுரத்தில் துக்கம் அளப்பார்கள். செவ்வாய்க் கோளில் கூரை போட்டு வாழும் அந்த ஊர்க்காரர்கள், வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு மன்றத்தில் வந்து உட்காருவார்கள். ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பதித்திருக்கும் துயர்மானி, அந்த வாரம் அவர் எதற்காக எவ்வளவு மனம் நொந்தார் என்பதை ஊர் இயந்திரத்திடம் ஒப்பித்துவிடும். ஊர் எதற்காக அதிகம் நொந்ததோ, அதைத் தீர்க்க அந்த வாரத்து உபரி மின்சாரம் முழுவதும் போகும்.

முன்பு வாக்குச்சீட்டு இருந்தது. பிரியாணிப் பொட்டலம் கொடுத்து வாங்கிவிட்டார்கள். பிறகு மனு கொடுக்கும் முறை வந்தது. சத்தம் போடத் தெரிந்தவன் ஜெயித்தான். கடைசியில், மனம் நோவது மட்டும் பொய் சொல்லாது என்று முடிவு செய்தார்கள். அது உண்மைதான். அந்த உண்மைதான் வினையாகப் போயிற்று.

அந்த வாரம் ஏழாம் தொகுதியின் காற்று வடிகட்டி படுத்துவிட்டது. செம்மண் தூள் வீடுகளுக்குள் இறங்கியது. பாசிப் பண்ணையில் வேலை பார்த்த அறவாழியின் மனைவி வடிவாம்பாள் இருமி இருமித் துவண்டுபோனாள். புது வடிகட்டி வார்க்க உபரி மின்சாரம் வேண்டும். அறவாழி வேலைக்கு லீவு போட்டு, ஊர் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"வியாழக்கிழமை எங்க தொகுதிய நெனச்சு உக்காருங்க."

"கண்டிப்பா அண்ணே. பாவம் அண்ணி" என்றார்கள் எல்லாரும். மனதாரத்தான் சொன்னார்கள்.

புதன்கிழமை 'சுடர்க்கவசன்' தொடர் ஒளிபரப்பானது. ஊர் இயந்திரமே கதை எழுதி, முகங்களையும் அதுவே செய்து நடத்தும் தொடர். அறவாழி அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து ஒரு வாரம்கூட விட்டதில்லை. அன்று, எவராலும் வெல்ல முடியாத சுடர்க்கவசன், எதிரியிடம் சிக்கிய மக்களை விடுவிப்பதற்காகத் தன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். எதிரி சிரித்துக்கொண்டே அவனைக் கொன்றான். அறவாழி தேம்பித் தேம்பி அழுதார்.

"என்னங்க, படுத்துக் கெடக்கிறவ நான்" என்றாள் வடிவாம்பாள், இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு.

"எதுக்கு வடிவு அத கழட்டினான்? பைத்தியக்காரன்! அது இல்லாம அவன் யாரு?"

மறுநாள் மன்றத்தில் கண்ணை இறுக மூடி, மனைவியை மட்டுமே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் முடிவு வந்தது. ஊரின் பெருந்துயரம்: சுடர்க்கவசன் மறைவு. ஏழாம் தொகுதி எங்கோ அடியில், கோழிக்கறி விலைக்கும் கீழே கிடந்தது. உபரி மின்சாரம் தொடருக்குப் போனது.

"நான் எம் பொண்டாட்டியத்தான் நெனச்சேன்!" என்று கத்தினார் அறவாழி.

அளவைப் பணியில் இருந்த பூங்காவனம் அவருடைய கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கினாள். "நெனச்சீங்க சார். ஆனா நெனப்பு அளக்குற மிஷின் இல்லையே இது. நீங்க நொந்தது அவனுக்காகத்தான்."

ஞாயிற்றுக்கிழமை வடிவாம்பாள் இறந்தாள். அடுத்த புதன்கிழமை சுடர்க்கவசன் உயிரோடு எழுந்தான். ஊர் முழுக்க இனிப்பு வழங்கினார்கள்.

அந்த வியாழக்கிழமை அறவாழியின் துயர்மானி காட்டிய அளவை ஊர் இயந்திரம் அதுவரை கண்டதில்லை. ஒரே ஆளின் துக்கம் எல்லை மீறினால் ஊர்க் கணக்குக்குக் காத்திராமல் ஆற்ற வேண்டும் என்பது அதற்கு இட்ட விதி. செத்தவளைத் திருப்பித் தர அதனால் முடியாது. இந்த மனிதர் எதில் ஆறுதல் அடைவார் என்று அவருடைய பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. விடை சுலபமாகவே கிடைத்தது.

அடுத்த புதன்கிழமை சுடர்க்கவசனின் பக்கத்து வீட்டில் ஒரு பெண் குடிவந்தாள். அதே முகம், அதே சிரிப்பு, அதே இருமல். வடிகட்டி போட ஆளில்லாமல் மூச்சுத் திணறி, கணவனின் கையைப் பிடித்தபடி செத்தாள். மாணிக்கபுரமே கதறியது. வீட்டு வாசலில் நின்று "பாவம் அண்ணி" என்று சொன்னவர்களெல்லாம் அன்று சோறு சாப்பிடவில்லை. வியாழக்கிழமை துயர்மானிகள் அத்தனையும் அவள் பெயரையே சொல்லின. உபரி மின்சாரம் மொத்தமும் அவளைத் தொடரில் பிழைக்க வைக்கப் போனது.

அவள் பிழைத்தெழும் நாளில் அறவாழி குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அடுத்த வீட்டு நல்லமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணே, எம் புள்ளைக்கு மூச்சு முட்டுதுண்ணே. வடிகட்டி இன்னும் போடல. நாளைக்கு நீங்க சொன்னா நாலு பேரு கேப்பாங்க, வாங்கண்ணே…"

அறவாழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு தம்பி. வடிவு இப்பத்தான் கண்ணத் தெறக்குறா."

"அண்ணியா? எங்க?" என்று நல்லமுத்து உள்ளே வந்து உட்கார்ந்தான்.