பேபிக்கு மூன்று ஷிப்ட்

வாணியின் கழுத்தில் எப்போதும் ஒரு சாவி தொங்கும். கறுப்புக் கயிற்றில் கோத்து, பள்ளிச் சீருடைக்குள் விட்டிருப்பாள். வகுப்பில் சிலர் அதைத் தாயத்து என்று நினைத்தார்கள். வாணியும் மறுத்துச் சொல்லவில்லை. தாயத்து என்றால் கொஞ்சம் கௌரவமாகத்தானே இருக்கிறது!

உண்மையில் அது வீட்டுச் சாவி. அப்பா மனோகரும் அம்மாவும் விடிவதற்கு முன்பே கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுவார்கள். இருவருக்கும் பெங்களூரில் வேலை. திரும்பி வரும்போது நன்றாக இருட்டியிருக்கும். சுரங்கங்களை மூடிய பிறகு கோலார் தங்கவயலில் பாதிப் பேருடைய கதை இதுதான்.

அதனால் மாலையில் வாணியே பூட்டைத் திறப்பாள். உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். "யார் வந்தாலும் தொறக்காத. யார் வூட்டுக்கும் போவாத" என்பது அம்மா போட்ட சட்டம்.

அவர்கள் இருந்தது சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய லைன் வீடு. நீளமாக ஒரே கட்டடம். அதைக் குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பம். இடது பக்கச் சுவருக்கு அப்பால் இவான் என்ற பையன் இருந்தான். அவனும் வாணியும் சுவரில் தட்டியே பேசிக்கொள்வார்கள். இரண்டு தட்டு தட்டினால், 'இருக்கியா?' பதிலுக்கு இரண்டு தட்டு வந்தால், 'இருக்கேன்.' அவ்வளவுதான் அந்தப் பாஷை. அதை வைத்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசினார்கள்.

போன கோடையில் இவான் வீட்டார் பெங்களூருக்கே குடிபோய்விட்டார்கள். இப்போது அந்த வீட்டில் ஒரு பெரிய பூட்டு. பழக்கதோஷத்தில் வாணி சில நாள் இரண்டு தட்டு தட்டிவிடுவாள். சுவர் சும்மா இருக்கும்.

வலது பக்கம் தாயம்மா வீடு. காலையில் ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்பவர். ஆனால் அவரிடம் பேச முடியாது. குழாயடியில் யார் குடம் முதலில் இருந்தது என்று அவருக்கும் அம்மாவுக்கும் ஒருநாள் சண்டை வந்து, பேச்சு நின்றுபோனது. அந்தக் குடம் ஓட்டையாகி, தூக்கியும் எறிந்தாயிற்று. சண்டை மட்டும் புத்தம்புதிதாக இருந்தது.

வாணியின் பள்ளி ராபர்ட்சன்பேட்டையில். பள்ளிக்குப் பின்னால் ஒரு நாய்கள் காப்பகம் இருந்தது. தினமும் பஸ் வரும்வரை வாணி அதன் கம்பிக் கதவருகே நிற்பாள். மற்ற நாய்கள் எல்லாம் குரைத்துக்கொண்டு ஓடிவரும். ஒரு நாய் மட்டும் வராது. மூலையில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கும்.

அதன் பெயர் பேபி. யார் வைத்த பெயரோ! முகவாய் முழுக்க நரைத்து, பின்னங்கால் ஒன்று நொண்டி. அதைவிட வயதான பேபி அந்த ஊரிலேயே இருக்க முடியாது. வைத்த சோற்றைப் பாதிக்கு மேல் தின்னாது. அது வாலை ஆட்டி யாருமே பார்த்ததில்லை.

வாணி கம்பிக்கு வெளியே உட்கார்ந்து, அன்று வகுப்பில் நடந்ததை எல்லாம் அதற்குச் சொல்வாள். பேபி திரும்பாது. ஆனால் ஒரு காது மட்டும் மெல்ல இவள் பக்கம் சாயும். 'நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்' என்பது போல இருக்கும். வாணிக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நச்சரித்து அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

காப்பகத்தை நடத்தியவர் சுனிதா மேடம். பெங்களூர்க்காரர். கன்னடம் கலந்து தமிழ் பேசுவார்.

"வீட்டுக்கு அஞ்சடி உயரத்துக்குக் காம்பவுண்டு சுவர் இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"தகரத் தடுப்பு கீதுங்க" என்றார் அப்பா.

"சொந்த வீடா?"

"கம்பெனி வூடுங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான் கீறோம். கம்பெனிதான் போயிடுச்சு. நாங்க போவல."

சுனிதா மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?"

அப்பா வாணியைப் பார்த்தார். வாணி தன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் இல்லைங்க."

"அப்போ ஆகல்ல" என்றார் மேடம். கன்னடத்தில் அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம்.

வாணிக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "பேபியால இட்லிப் பானையைக்கூடத் தாண்ட முடியாது மேடம். அதுக்கு எதுக்கு அஞ்சடிச் சுவர்?" என்று கேட்டுவிட்டாள்.

மேடம் அவள் அருகே குனிந்து, கன்னடத்தில் குட்டிப் பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். "புட்டம்மா, பேபிய எங்க எடுத்தேன் தெரியுமா? ஒரு பூட்டின வீட்டு வாசல்ல. வீட்டுக்காரங்க குடி போயிட்டாங்க. இது அந்தப் பூட்டைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தது. நான் தூக்கினப்போகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. இன்னொரு பூட்டின வீட்டுக்கு நான் எப்படி அனுப்புவேன்?"

பூட்டின வீடு எப்படி இருக்கும் என்று வாணிக்குத் தெரியாதா என்ன?

"நெறைய பேர் வந்து கேட்டாங்க. எல்லா வீட்லயும் இதே கதைதான். அடுத்த ஞாயித்துக்கிழமை பெங்களூர்லேர்ந்து வண்டி வருது. அங்க பெரிய காப்பகத்துக்கு அனுப்பிடுவேன்" என்றார் மேடம்.

பெரிய காப்பகம் என்றால் இன்னும் நிறைய நாய்கள், இன்னும் நிறைய சத்தம். இங்கேயாவது காதைச் சாய்த்துக் கேட்பதற்கு வாணியின் குரல் இருந்தது. அங்கே அதுவும் இருக்காதே! பஸ்ஸில் வரும்போது வாணி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அப்பா பார்க்காதது போல இருந்தார்.

மறுநாள் காலை வாணி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, லைன் கடைசி வீட்டு பர்னபாஸ் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் அவருக்கு.

"இன்னா கண்ணு, நான் நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு மேல வர்றேன். நீ ஷாஃப்ட்டுக்குள்ள எறங்குறியா?" என்று கொட்டாவி விட்டபடி கேட்டார். சுரங்கம் மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தங்கவயல்காரர்களின் பேச்சிலிருந்து மட்டும் ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழியும் ஷிப்ட்டும் போகவே இல்லை.

வாணி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள். நாலடி போனதும் நின்றாள். அவள் வெளியே போகிறாள். மாமா உள்ளே வருகிறார். மத்தியானம் தாயம்மா இட்லிப் பாத்திரங்களோடு திரும்பி வந்துவிடுவார். சாயங்காலம் இவளே வந்துவிடுவாள். அவளுடைய வீடுதான் பகலெல்லாம் பூட்டிக்கிடக்கிறது. லைன் முழுக்கப் பூட்டிக்கிடக்கிற நேரம் என்று ஒன்று உண்டா?

அன்று கணக்குப் பாடத்தில் ஆசிரியர் கேட்ட எந்தக் கேள்விக்கும் வாணி சரியாகப் பதில் சொல்லவில்லை. அவள் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் அவள் தன் வீட்டுப் பூட்டைத் திறக்கவில்லை. தாயம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒரு தடவை திரும்பியும் போய்விட்டாள். பேபியின் சாய்ந்த காது நினைவுக்கு வரவே, மறுபடி வந்து கதவைத் தட்டினாள்.

தாயம்மா கதவைத் திறந்து, இவளைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார். "நீயா? உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. ராத்திரி நானே சொல்லிடுவேன்" என்றாள் வாணி. பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

தாயம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நாயா? எனக்கு நாயின்னாலே ஆவாது" என்றார். சற்றுப் பொறுத்து, "இட்லி துன்னுமா?" என்று கேட்டார்.

"பாதி துன்னும்."

"என் இட்லியப் பாதி துன்னுட்டு வச்சவங்க இந்த ஊர்லயே கெடையாது. அதையும் பாத்துடலாம், இட்டுக்கினு வா!"

பர்னபாஸ் மாமாவைச் சம்மதிக்க வைப்பது இன்னும் சுலபமாக இருந்தது. "பகல்ல நான் தூங்குவேன். அதுவும் தூங்கும்ன்ற. ரெண்டு பேருக்கும் தோதுதான்" என்றார்.

அம்மாதான் பாக்கி. அன்று இரவு விஷயத்தைக் கேட்டதும் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டார்.

"நான் சொன்னதுக்கு அப்புறமும் வெளிய போனியா? அதுவும் அந்தம்மா வூட்டுக்கு!"

"பேபி ஒண்ணும் குழாயடியில குடம் வைக்காதும்மா" என்றாள் வாணி.

அப்பா சிரித்துவிட்டார். அம்மா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வாணி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான் தனியா கீறேன்னு உனக்குப் பயம். அதான் தாப்பா போட்டுக்கன்ற. பேபிய நெனச்சா சுனிதா மேடத்துக்கும் அதே பயம்தான். ஆனா தாப்பா போட்டுக்கினு உள்ள உக்காந்திருந்தா எனக்கு இன்னும் பயமா கீதும்மா. இவான் போனதுலேர்ந்து எனக்குப் பேச யாருமே இல்ல."

அம்மா வாணியின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காப்பகத்து வாசலில் ஒரு சின்னக் கூட்டமே நின்றது. அப்பா, வாணி, காவல்காரச் சட்டையோடு தூக்கக் கலக்கத்தில் பர்னபாஸ் மாமா. கூட்டத்தின் ஒரு முனையில் அம்மா, மறு முனையில் தாயம்மா. பெங்களூர் வண்டியும் வந்து நின்றிருந்தது.

சுனிதா மேடம் குழம்பிப்போனார். "நாய் யார் வீட்டுக்கு?"

"எங்க லைனுக்கு" என்றாள் வாணி.

"எங்க ரூல்ல லைன்னு ஒண்ணும் இல்லையே, புட்டம்மா."

"மேடம், மைன்ஸ் ஓடினப்போ ஒரு ஷிப்ட் மேல வந்ததும் இன்னொரு ஷிப்ட் கீழ எறங்குமாம். அந்த மாதிரிதான் இதுவும். காலையில பர்னபாஸ் மாமா ஷிப்ட். மத்தியானம் தாயம்மா ஷிப்ட். சாயங்காலத்துலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் எங்க வூட்டு ஷிப்ட். பேபி எந்தப் பூட்டையும் பாத்துக்கினு படுத்திருக்க வேணாம்."

மேடம் தாயம்மாவைப் பார்த்தார். "நாளைக்கு உங்களுக்குள்ள சண்டை வந்தா?"

பர்னபாஸ் மாமா தன் செருப்பைப் பார்த்தார். அம்மாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சண்டை வரும் மேடம். குழாயில தண்ணி வர்ற வரைக்கும் சண்டையும் வரும். அதுக்காக ஷிப்டுக்கு யாரும் மட்டம் போட மாட்டாங்க. இன்னா தாயம்மாக்கா?"

"அதான! நான் போட மாட்டேன்" என்றார் தாயம்மா.

மேடம் பெங்களூர் வண்டியையும் பேபியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இப்போதைக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே வந்து பாப்பேன். எப்போன்னு சொல்ல மாட்டேன். பேபி பூட்டின வாசல்ல உக்காந்திருந்தா, அப்படியே என் வேன்ல ஏத்திக்குவேன்" என்றார்.

மறுநாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்த வாணி சட்டென்று நின்றாள். லைன் முனையில் காப்பக வேன் நின்றுகொண்டிருந்தது. அவள் ஓடினாள். நெஞ்சில் சாவி 'டக் டக்' என்று இடித்தது.

அவள் வீட்டில் பூட்டு தொங்கியது. வாசலில் பேபி இல்லை. தாயம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. கதவைத் திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. வேனில் ஏற்றிவிட்டார்களோ? போய்ப் பார்த்து, தாயம்மா வீட்டில் பேபி இல்லை என்று தெரிந்துவிட்டால்?

தன் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பையைக்கூடக் கழற்றவில்லை. இதுவரை ஒருநாளும் தட்டாத வலது பக்கச் சுவரின் முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தட்டு தட்டினாள்.

சுவர் சும்மா இருந்தது.

பிறகு அந்தப் பக்கம், தரையை ஒட்டி, 'தொப்' என்று ஒரு சத்தம். மறுபடி ஒரு 'தொப்'. அப்புறம் நிற்கவே இல்லை. 'தொப், தொப், தொப், தொப்!'

பேபியின் வால்!

வாணி சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஏ வாணி, வந்துட்டியா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து தாயம்மா குரல் கொடுத்தார். "என் ஷிப்டு முடிஞ்சிச்சு! வந்து உன் ஆளை இட்டுக்கினு போ. இவ்ளோ நேரம் தூங்கிச்சு. நீ தட்டினதும் இன்னா ஆட்டம் ஆடுது பாரு! அந்த மேடம் வேற இட்லி உப்புமா தட்டோட உக்காந்தவங்க, எழுந்திருக்கவே மாட்டேன்றாங்க!"

"புட்டம்மா, பேபி தட்டைக் காலி பண்ணிடுச்சு!" என்று மேடத்தின் குரலும் கேட்டது. "ஆனா அந்தத் தகரத் தடுப்பு அஞ்சடி இல்ல, நான் அளந்துட்டேன்!"

வாணி கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தன் ஷிப்டுக்கு ஓடினாள்.