வண்டி காலி

எட்டுப் பேரும் இறங்கி, எட்டு நீளப் பைகளையும் இறக்கிவிட்ட பிறகும், வண்டியின் பின்பக்கத்தில் இன்னொரு பை கிடந்தது.

வாடகை வண்டித் தொழில் நடத்தும் மாட் பெரியா தலையில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமை வந்தாலே அவளுக்கு இந்தத் தலைவலிதான். மலைமேல் இருக்கும் வாடகை வீடுகளிலெல்லாம் ஆள் மாறுவது அன்றைக்குத்தான். ஜெனீவா விமான நிலையத்திலிருந்து பனிச்சறுக்கு ஊர் வரைக்கும் வண்டிக்குப் பின்னால் வண்டி. கூட்டமாக வருகிறவர்களில் ஒருத்தராவது சாமான் விஷயத்தில் உண்மை சொல்லியிருக்கிறார்களா? "ஆளுக்கு ஒரு ஸ்கீ பை, அவ்வளவுதான்" என்று எழுதிவிட்டு, வந்து நிற்கும்போது பூட்ஸ் பை, சமையல் பெட்டி, ஒருமுறை கிட்டார்கூட. அதையெல்லாம் எங்கே திணிப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது அவள். போதாக்குறைக்கு இன்றைக்கு ஓட்டுநர் காய்ச்சல் என்று படுத்துவிட்டான், புருஷனோ கால் முறிந்து கிடக்கிறான். ஓட்டுவதும் அவள் தலையில்தான் விடிந்தது.

"ஐயா! உங்க பை ஒண்ணு இங்கயே கெடக்கு!"

டச்சுக்காரக் கூட்டத்தின் தலைவர் யோஸ்ட் பனியை மிதித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எங்களோடது இல்லையே மேடம். உங்களோடதுன்னுல்ல நெனச்சோம்?"

"என்னோடதா? அப்ப ஏர்போர்ட்ல இதை யாரு ஏத்துனது?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க ஏத்தும்போதே உள்ளதானே இருந்துச்சு," என்றாள் ஒரு பெண்.

மாட்டுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. காலையில் வண்டியைத் துடைத்தவளே அவள்தான். அப்போது உள்ளே ஒரு துரும்புகூட இல்லை. கறுப்புத் துணிப் பை, மற்றப் பைகளைவிட ஒரு முழம் நீளம். காலால் உள்ளே தள்ளினாள். உள்ளே ஸ்கீ சறுக்குப் பலகை இருந்தால் கட்டை மாதிரி இடிக்க வேண்டும். இது மெத்தென்று அமுங்கியது. ஒரு சனியனையும் கேட்க நேரமில்லை, பனி கொட்டிக்கொண்டிருந்தது, சாலையை மூடிவிட்டால் இரவு முழுக்க இங்கேயே கிடக்க வேண்டியதுதான். கதவைச் சாத்தினாள்.

கைபேசி அடித்தது. வீட்டுச் சோபாவில் முறிந்த காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்த ரெமிதான்.

"காலியா?"

"காலி."

அவர்கள் தொழிலில் காலி என்றால் பயணிகள் இல்லை என்று அர்த்தம். சாமான் கணக்கில் வராது. பத்து வருஷமாக அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

"நல்லதாப் போச்சு. இனெஸ் வந்துட்டா. மூத்தியே ஸ்டேஷன்ல நிக்கிறாளாம், பஸ் எல்லாம் நின்னு போச்சு. வர்ற வழியில ஏத்திக்கோ."

அத்தனை எரிச்சலிலும் மாட்டின் முகம் மலர்ந்தது. ஒரே மகள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, பரீட்சை என்று சொல்லிவிட்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. சூடா ஏதாச்சும் வாங்கிக் குடிக்கட்டும்," என்று வண்டியைக் கிளப்பினாள்.

மாலை மங்கி, பனி நீலமாகிக்கொண்டிருந்தது. கீழே இறங்கும் கொண்டையூசி வளைவுகளில் முன்விளக்கு வெளிச்சம் ஒருமுறை பாறையையும் மறுமுறை வெறும் இருட்டையும் தொட்டுத் திரும்ப, வெப்பக் காற்றை முழு வேகத்தில் வைத்திருந்தும் பிடரிக்குப் பின்னால் மட்டும் ஒரு குளிர் ஒட்டிக்கொண்டே வந்தது. அதோடு ஒரு வாடை, ஸ்கீ மெழுகு இல்லை, ஈரக் கம்பளி இல்லை, வசந்தத்தில் பனி உருகும்போது அடியிலிருந்து கிளம்புமே, அந்த மக்கிய மண் வாடை. இந்த மாதத்தில் அந்த வாடைக்கு என்ன வேலை என்று நினைத்தபோதுதான் மணி அடித்தது.

டிங். டிங். டிங்.

புது வண்டியின் தொல்லை அது. எந்த இருக்கையில் கனம் ஏறினாலும், பெல்ட் மாட்டும்வரை விடாமல் அடிக்கும். தோள்பையை வைத்தால்கூட ஆள் என்று நினைத்துக்கொள்ளும். கடைசி வரிசை என்று விளக்கு காட்டியது. பை சரிந்து இருக்கைமேல் விழுந்திருக்கும். முணுமுணுத்துக்கொண்டே ஓரங்கட்டி, இறங்கிப் பின்கதவைத் திறந்தாள்.

பை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் தட்டையாக. ஜிப் அடிவரை திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை, கொஞ்சம் பனித்தூள், உருகாமல்.

கடைசி இருக்கை ஈரமாக இருந்தது.

தண்ணீர் ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓட்டுநர்கள் வழக்கமாகச் செய்வதுபோல ஆளில்லாத இருக்கைக்கே பெல்ட்டை மாட்டினாள். மணி நின்றது. நின்றது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

இரண்டு வளைவு தாண்டவில்லை.

டிங். டிங். டிங்.

இப்போது நடு வரிசை.

 இதற்குமேல் இறங்கிப் பார்க்க அவளால் முடியவில்லை. பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் கைபேசியை அழுத்தினாள்.

"ரெமி, வண்டி காலி இல்ல."

"என்னது? வழியில யாரையாவது ஏத்திட்டியா?"

"இல்ல. ஒரு பை இருந்துச்சு..."

"அட, சாமான் எப்பருந்து கணக்குல வந்துச்சு? சாமான் இருந்தாலும் காலிதான்!"

"நான் சொல்றதக் கேளு. இனெஸ் இதுல ஏறக் கூடாது. அவள ஸ்டேஷனுக்குள்ளயே இருக்கச் சொல்லு."

"உனக்கென்ன பைத்தியமா? புள்ள குளிர்ல வெறச்சுப் போய் நிக்கிறா. பெல்ட் மணியா அது? பின்னால யாரு..."

பள்ளத்தாக்கு இடுங்கிய இடத்தில் தொடர்பு அறுந்தது. மறுபடி அழுத்தினாள். கிடைக்கவில்லை. கைபேசியைத் தூக்கி எறிந்தாள். பத்து வருஷம் வாயில் ஊறிய அந்தக் 'காலி'! மகளைக் காப்பாற்ற வேறு சொல் கிடைக்கவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு பெல்ட் பட்டை இழுபடும் சத்தம். மெல்ல. தட்டுத் தடவி.

கிளிக்.

மணி நின்றது.

மாட் முன்னால் மட்டும் பார்த்தாள். சாலை. பனி. துடைப்பான். பின்னால் யாரோ ஈரமாக மூச்சு விட்டார்கள். நிற்கக் கூடாது. ஸ்டேஷனில் நிற்கவே கூடாது. தாண்டிப் போய்விட வேண்டும். இனெஸ் திட்டட்டும், அழட்டும், குளிரில் நிற்கட்டும். உயிரோடு நிற்கட்டும்.

மூத்தியே வந்தது. ஸ்டேஷன் வளைவு முழுக்கப் பேருந்துகள். நகர இடமில்லை. ஹாரனை அடித்தாள். யாரும் அசையவில்லை.

சிவப்புக் குல்லாய் ஒன்று பேருந்துகளுக்கு இடையில் புகுந்து ஓடி வந்தது. கையை ஆட்டிக்கொண்டு. சிரித்துக்கொண்டு.

மாட் பூட்டுப் பொத்தானை அமுக்கினாள். டக். எல்லாக் கதவும் பூட்டிக்கொண்டன. "வராதே! இனெஸ், வராதே!" ஜன்னல் கண்ணாடியில் அறைந்தாள். வெளியே ஒன்றும் கேட்டிருக்காது.

இனெஸ் கதவுப் பிடியைத் தொடவில்லை. கை நீட்டத்தான் நீட்டினாள்.

கதவு உள்ளேயிருந்து நகர்ந்து திறந்தது.

"ஐயோ, ரொம்ப நன்றிங்க ஐயா," இருட்டைப் பார்த்துச் சொன்னாள் இனெஸ். "கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறீங்களா? அம்மா, காலியா வருதுன்னுல்ல அப்பா சொன்னாரு?"

  மாட் பூட்டை விடுவித்துத் தன் பக்கக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

பக்கக் கதவு மூடியது. மெதுவாக, மரியாதையாக.

கிளிக். இனெஸின் பெல்ட்.

முதன்முறையாக மாட் பின்னால் காட்டும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். மகள் ஜன்னலோரமாக ஒண்டி, பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விட்டு முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. இருக்கையில் படியாமல், ஒரு மார்பைச் சுற்றியதுபோல உப்பி நின்று, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.